டம்ப் உச்சியில் விரிசல்: மண் போட்டு மூடச் சொல்கிறார்கள், மூடலாமா?

கோவில்பட்டிக்காரன்:

வணக்கம். மைனிங் டிப்ளமோ முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது மகாராஷ்டிராவில் சந்திரபூர் பக்கம் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில், ஓபி எடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஓபி என்றால் ஓவர்பர்டன், அதாவது நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண், மணற்பாறை, ஷேல் (களி இறுகி உண்டான அடுக்குப் பாறை) எல்லாம். அதைத் தோண்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி உண்டாகும் மலைதான் டம்ப்.

நாலு நாள் விடாத மழை. நேற்றுக் காலை மேலே போய்ப் பார்த்தால் டம்ப் உச்சியில் விரிசல். விளிம்பிலிருந்து 9 மீட்டர் உள்ளே தள்ளி, சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு, நேர்கோடாக இல்லாமல் பிறை மாதிரி வளைந்து போகிறது. நாலு விரல் தாராளமாக உள்ளே போகிறது. சைட் இன்சார்ஜிடம் சொன்னேன். "மழை பெய்தால் எல்லா டம்பும் வெடிக்கத்தான் செய்யும், டோசரை விட்டு மண் தள்ளி மூடிவிட்டு வண்டியை அனுப்பு, டார்கெட் ஏற்கெனவே பின்னால் கிடக்கிறது" என்றார். மூடிவிடலாமா? டம்பின் மொத்த உயரம் 55 மீட்டர் இருக்கும், இரண்டு அடுக்கு.

இன்னொரு கேள்வி, இது கொஞ்சம் பாடப்புத்தகக் கேள்வி. குழிக்குள் அதே மணற்பாறை 70 டிகிரியில் சுவர் மாதிரி நிற்கிறது. அதையே வெடிவைத்து உடைத்து வெளியே கொட்டினால் 37 டிகிரிக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறது. பாறை அதே பாறைதானே? கல்லூரியில் கேட்டபோது அந்தக் கோணத்துக்குப் பெயரைச் சொன்னார்களே தவிர காரணத்தைச் சொல்லவில்லை.

லோடுமேன்:

தம்பி, நான் டிப்பர் ஓட்டியே இருபது வருடம் ஆச்சு. எல்லா டம்பிலும் இது உண்டு, மூடிவிட்டு டோசரை ரெண்டு தடவை ஓட்டினால் முடிந்தது. பயந்தால் இந்தத் தொழில் பார்க்க முடியாது. வண்டியை விளிம்புக்குப் பத்து அடி முன்னாலேயே நிறுத்திக் கொட்டச் சொல்லுங்கள், மீதியை டோசர் தள்ளிக்கொள்ளும்.

பழைய ஓவர்மேன்:

லோடுமேன் தம்பி கடைசியில் சொன்னது மட்டும் சரி, விளிம்புக்கு முன்பே கொட்டித் தள்ளுவது நல்ல பழக்கம். ஆனால் அது விளிம்பு உடைந்து வண்டி உருளாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. இந்தத் தம்பி சொல்லும் விரிசல் அந்த ரகம் இல்லை.

31 வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு அடியில் முடி மாதிரி ஓடும் விரிசலை நானும் நூறு முறை பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறேன், அது மேல்மண் தளர்ந்து சரிவது. 9 மீட்டர் உள்ளே, பிறை வடிவத்தில், 60 மீட்டர் நீளம் என்றால் கதை வேறு. உள்ளே ஒரு துண்டு தனியாகப் பிரிந்து நகர ஆரம்பித்துவிட்டது, அந்தத் துண்டின் முதுகுப் பக்க ஓரம்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி விரிசல் விழுகிறதோ அந்த அளவுக்குச் சறுக்கும் தளமும் ஆழத்தில் இருக்கும் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். டோசரால் மூடினால் மறைவது அடையாளம்தான், நகர்வு நிற்காது. நாளைக்கு அது இன்னும் ரெண்டு விரல் திறந்ததா இல்லையா என்று பார்க்க வழியில்லாமல் போய்விடும், போதாததற்கு டோசரின் எடையையும் நடுங்கும் துண்டின் தலையில் ஏற்றியிருப்பீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, மற்ற பதில்களைப் படிப்பதற்கு முன்னால்: அந்தப் பகுதியில் கொட்டுவதை நிறுத்துங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் சுண்ணாம்பு போட்டுக் குறியுங்கள், முனை நீளுகிறதா என்று தெரியும். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி அடித்து டேப்பால் இடைவெளியை அளந்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள், இப்படி நாலு இடத்தில். விளிம்புப் பக்கக் கம்பியை அடிக்க ஒருவர் போதும், தனியாக வேண்டாம், இன்னொருவர் விரிசலைத் தாண்டாமல், விளிம்புக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். மழைத் தண்ணீர் விரிசலுக்குள் போகாதபடி மேல் பக்கமாகச் சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். விரிசலைக் களிமண் வைத்து இடித்து அடைப்பதெல்லாம் நகர்வு நின்ற பிறகு, அதுவும் தண்ணீர் இறங்காமல் இருக்க, வைத்தியமாக அல்ல.

அப்புறம் நான்கு கேள்வி. விரிசலின் இரண்டு பக்கமும் ஒரே மட்டமா, இல்லை விளிம்புப் பக்கம் படி மாதிரி இறங்கியிருக்கிறதா? கீழே அடியில் தரை எங்காவது புடைத்திருக்கிறதா? டம்ப் கொட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன மண் இருந்தது, அதை வழித்து எடுத்தார்களா? அடியை யாராவது சமீபத்தில் வெட்டினார்களா?

கோவில்பட்டிக்காரன்:

ஐயா, இன்று மதியம் சர்வேயரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். விளிம்புப் பக்கம் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. கீழே அடியிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளித் தரை வரப்பு மாதிரி மேலே எழும்பியிருக்கிறது, நான் அதைப் போன வாரமே பார்த்தேன், டோசர் தள்ளிய மண் என்று நினைத்துக்கொண்டேன். ஹால் ரோட்டை, அதாவது டிப்பர் ஓடும் சாலையை, அகலப்படுத்தப் போன மாதம் எக்ஸ்கவேட்டர் வைத்து டம்பின் அடியில் மூன்று மீட்டர் வெட்டி எடுத்தார்களாம், எனக்குத் தெரியாது, இன்று ஆபரேட்டர் சொன்னார். அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

அடியில் இருந்த மண் கரிசல். வழிக்கவில்லை, அப்படியே மேலே கொட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கரிசல் மாதிரியேதான், சித்திரையில் வெடிப்புக்குள் கால் போகும், ஐப்பசியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் வயலுக்குள் இறங்க முடியும். அதில் நடந்தே வளர்ந்தவன், 55 மீட்டர் மலைக்கு அடியில் அது கிடக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

டம்பின் அடியிலிருந்து 80 மீட்டரில் எங்கள் வண்டிகள் இரவு நிற்கும் இடம், ஒர்க்‌ஷாப் கன்டெய்னர், டீசல் வண்டி எல்லாம் இருக்கின்றன. டிரைவர்கள் சிலர் கேபினிலேயே தூங்குவார்கள்.

பழைய ஓவர்மேன்:

ஆட்களை இன்று இரவே அங்கிருந்து எடுங்கள், வண்டிகளை நாளை எடுத்துக்கொள்ளலாம். மேனேஜரிடம் வாயால் சொன்னது போதாது, எழுத்தில் கொடுங்கள்.

நான் கேட்ட நான்குக்கும் கெட்ட பதிலாகவே வந்திருக்கிறது. மேலே இறங்குகிறது, கீழே புடைக்கிறது, அப்படியானால் சறுக்குத் தளம் டம்பின் வயிற்றுக்குள் மட்டும் இல்லை, அடித்தரை வழியாக வெளியே வருகிறது. வார்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் இது பழைய வியாதி. கரிசலின் வழவழப்பு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நனைந்து ஒருமுறை சறுக்கிவிட்ட களியின் உராய்வுக் கோணம் 10 டிகிரி அளவுக்குக்கூட விழுந்துவிடும். மேலே உள்ள உடைகல் 37 டிகிரியில் நிற்கும் யோக்கியதை உள்ளதுதான், ஆனால் காலடியில் சோப்பு வைத்திருக்கிறோமே. கொட்டுவதற்கு முன் கரிசலை வழித்துத் தனியாகக் குவித்திருந்தால் டம்புக்கும் நல்ல அடித்தளம், பிற்பாடு மேலே மரம் நட மேல்மண்ணும் கிடைத்திருக்கும். வழிக்கும் செலவை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்.

சட்டம் கேட்டால், 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளைப் பாருங்கள். டம்பின் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் போனால் பெஞ்ச், அதாவது படி மாதிரி அடுக்கு, விட வேண்டும், மொத்தச் சரிவு உயரம் ஒன்றுக்குக் கிடைமட்டம் ஒன்றரை என்பதற்கு மேல் செங்குத்தாகக் கூடாது, அடி விளிம்பு பொதுச் சாலை, ரயில், சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத கட்டடம் இவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் வரக் கூடாது. உங்கள் பார்க்கிங் இந்தப் பட்டியலில் நேராக வராமல் போகலாம், ஆனால் ஆட்கள் தூங்கும் இடம் 80 மீட்டரில். ஆனால் ஒன்று, இந்த எண்ணெல்லாம் அடித்தரை திடமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்பவை. 37.5க்குள்தான் இருக்கிறது என்று சர்வேயர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டம்பும் சரிந்ததுண்டு.

ஜார்க்கண்டில் லால்மாட்டியா, ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கம், 2016 டிசம்பர் 29 இரவு. 23 பேர் போனார்கள். 300 மீட்டர் நீளம், 110 மீட்டர் அகலத்துக்கு டம்ப் இருந்த இடத்தின் தரையே 35 மீட்டர் இறங்கியது, நகர்ந்த மண் 95 லட்சம் கன மீட்டர் என்று அப்போது முதல்கட்டமாகச் சொன்னார்கள். மறைந்திருந்த பிளவு ஒன்றின் வழியாகச் சரிந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். மேலே கொட்டிய மண்ணின் கோணத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

சாம்பியன்ரீஃப் பேரன்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். தாத்தாவும் அப்பாவும் கோலார் தங்கவயலில் நிலத்தடி வேலை. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன குடும்பம், அங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அங்கே பிரச்சினை நேர்மாறு: பாறை ரொம்பக் கெட்டி, அதனால்தான் ஆபத்து. மேலே உள்ள மலையின் எடையை அது வளையாமல் தாங்கிக்கொண்டே இருக்கும், தாங்கித் தாங்கி ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட். பெரியது நடந்தால் மேலே ஊரில் வீட்டுப் பாத்திரம் உருளும் என்று பாட்டி சொல்வார். தங்கம் எடுத்த காலி இடங்களைக் கருங்கல் சுவர் கட்டித் தாங்கினார்கள், பிற்பாடு கான்கிரீட் வந்தது. பாறை இயக்கவியலுக்கென்றே 1988இல் ஒரு தேசிய நிறுவனத்தைத் தங்கவயலில்தான் தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் கழிவுக்கல் மேடுகள் இருக்கின்றன, சயனைடு மேடு என்போம், சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். காற்றடித்தால் துணி காயப்போட முடியாது. அது சரியாமல்தானே இத்தனை வருடம் நிற்கிறது?

மண்ணும் நீரும்:

சாம்பியன்ரீஃப் பேரன், ஒரு சின்னத் திருத்தம். சயனைடு மேடு கழிவுக்கல் இல்லை. அது தாதுவை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய வண்டல். கழிவுக்கல் என்பது ஆலைக்கே போகாமல் தோண்டிய கையோடு ஓரத்தில் கொட்டும் பெரிய கல்லும் மண்ணும். முதலாவதில் துகள் பொடி, தண்ணீர் வெளியேற நாளாகும், ரசாயனம் கலந்திருக்கும், காற்றில் பறக்கும். இரண்டாவது அப்படி இல்லை. இரண்டையும் ஒரே வாளியில் போட்டுப் பேசினால் கணக்கு தப்பும்.

கோவில்பட்டிக்காரன், நான் ஜியோடெக் (மண், பாறை பற்றிய பொறியியல்) படிப்பவள், சுரங்கத்துக்குள் இரண்டு முறைதான் போயிருக்கிறேன், ஆனால் உங்கள் 70 - 37 கேள்வி எங்கள் பாடத்தின் முதல் வாரம். களத்தில் நெல் தூற்றி அம்பாரம் குவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியல் ஒரு சாய்வுக்கு மேல் நிற்காது, கூடுதல் நெல் உருண்டு அடிக்குப் போய்விடும், குவியல் உயரமாகலாமே தவிரச் செங்குத்தாகாது. காரணம், ஒரு நெல்லை இன்னொரு நெல்லோடு பிடித்து வைப்பது உராய்வு மட்டும்தான், பசை இல்லை. முழுப்பாறையில் உராய்வும் உண்டு, பசையும் உண்டு, துகளைத் துகளோடு ஒட்டிய சிமென்ட் மாதிரி. வெடிவைத்த நொடியில் பசை போய்விட்டது, உராய்வு மட்டும் மிச்சம், அதன் கோணம்தான் உங்கள் 37. அதே உடைப்பில் கன அளவும் 30 முதல் 50 சதவீதம் வரை ஊதிவிடும், கல்லுக்குக் கல் இடையே வெற்றிடம் வந்துவிடுவதால். எடுத்த குழிக்குள்ளேயே எல்லாவற்றையும் திரும்பப் போட இடம் பற்றாது என்பதும், அந்த இடுக்குகளில் தண்ணீர் போய் உட்காருவதும் இதனால்தான்.

குழிச்சுவர் 70இல் நிற்கிறது என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். அங்கே பாறையின் வலிமையை விட அதில் ஓடும் பிளவுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதே பெரிய கேள்வி, குழியை நோக்கிச் சாய்ந்த ஒரு வழவழப்பான ஷேல் படிவம் போதும், எத்தனை கெட்டியான பாறையும் அதன் மேல் சறுக்கும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மழையில் மண் கனமாகிறது, அதனால் சரிகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கனம் ஒரு பகுதிதான். இடுக்குகளில் நிரம்பிய நீர் உள்ளிருந்து துகள்களை விலக்கித் தள்ளுகிறது, ஒன்றை ஒன்று அழுத்தும் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறைகிறது. கிணற்றுக்குள் மூழ்கிய குடத்தைத் தூக்குவது லேசாக இருக்கிறதே, அதே சங்கதி.

உலகத்துக்கே இதைப் புரியவைத்தது வேல்ஸ் நாட்டில் அபெர்ஃபான். நிலக்கரிச் சுரங்கக் கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டி வந்தார்கள், ஏழாவது குவியலை 1958இல் ஆரம்பித்தபோது நீரூற்றின் மேலேயே போட்டார்கள், அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது. 1966 அக்டோபர் 21 காலை ஏழரைக்கு வேலைக்கு மேலே போனவர்கள் குவியல் 3 மீட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள். 9.15 மணிக்கு அது கூழாகி ஓடி வந்து பள்ளிக்கூடத்தில் ஏறியது. 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். இறங்கியதைப் பார்த்ததற்கும் ஓடியதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. உங்கள் "ஒரு சாண்" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது, பயமுறுத்த எழுதவில்லை.

லோடுமேன்:

தரை புடைத்ததை முதலில் சொல்லியிருந்தால் நானும் மூடச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கும் அந்த மாதிரி பார்க்கிங்கில் கேபினில் தூங்கித்தான் பழக்கம். வண்டியை எடுத்தார்களா?

கோவில்பட்டிக்காரன்:

எட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அன்று இரவே டிரைவர்களை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினேன், திட்டிக்கொண்டே போனார்கள். கடிதம் கொடுத்தேன். இன்சார்ஜ் இரண்டு நாள் பேசவில்லை. சுரங்கத்தின் சேஃப்டி ஆபீசர் வந்து பார்த்தார், மேலே ஒன்றும் பேசாமல் நேராகக் கீழே போய் அந்த வரப்பின் மேல் நின்று ஒரு சிகரெட் நேரம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் முழுவதும் கொட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். தேங்கிய தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்தோம். வெட்டிய இடத்தில் ஆட்கள் நடமாட்டமே இல்லாமல், பகல் வெளிச்சத்தில் மட்டும், பெரிய மணற்பாறைக் கற்களைக் கொண்டுவந்து அடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேலே இருந்து ஒருவர் விசிலோடு விரிசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அளவு, நாலு கம்பியில் அதிகம் நகர்ந்த இரண்டாவது ஜோடி: முதல் நாள் 6 மி.மீ., இரண்டாம் நாள் 6, மூன்றாம் நாள் 11 (இரவு நல்ல மழை), பிறகு 8, 5, 3, 3. குறைகிறது என்று இன்சார்ஜ் சந்தோஷமாக இருக்கிறார், திங்கட்கிழமை அங்கேயே கொட்ட ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார். என்ன சொல்ல?

மண்ணும் நீரும்:

ஒரு நாள் நகர்வை வைத்து ஒன்றை வகுத்துக் கோடு போட்டுப் பாருங்கள். 2, 3, 5, 9 என்று ஏறிக்கொண்டே போனால் வகுத்த எண் 0.5, 0.33, 0.2, 0.11 என்று பூஜ்யத்தை நோக்கி இறங்கும், கோடு பூஜ்யத்தைத் தொடும் நாள்தான் ஏறக்குறைய சரியும் நாள். உங்களுடையது மூன்றாம் நாள் 0.09க்கு இறங்கிவிட்டு இப்போது 0.33க்கு ஏறியிருக்கிறது. நல்ல திசை. அமெரிக்காவில் பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று குழிச்சுவர் சரிந்தது, பத்துக் கோடி டன்னுக்கு மேல், அத்தனை பெரிய சரிவில் ஒருவருக்கும் காயமில்லை. வாரக்கணக்காக ரேடாரில் நகர்வை அளந்து, வேகம் கூடுவதைப் பார்த்து ஆட்களை முன்னாலேயே வெளியேற்றிவிட்டார்கள். உங்கள் கம்பியும் டேப்பும் செய்வது அதே வேலைதான், விலை குறைவு.

பழைய ஓவர்மேன்:

திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லுங்கள். 3 மி.மீ. என்றால் நிற்கவில்லை, மெதுவாகப் போகிறது. அடியில் கரிசல் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும், களிமண் குடித்த தண்ணீரை விட மாதக்கணக்கில் ஆகும், இன்னொரு மழை வந்தால் 11 திரும்பி வரும். மழைக்காலம் முடியும்வரை அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள், வேறு மூலையில் கொட்ட இடம் காட்டச் சொல்லுங்கள், அங்கே கொட்டும் முன் டோசரை விட்டுக் கரிசலை வழிக்கச் சொல்லுங்கள். முதல் அடுக்காகப் பெரிய கல்லைப் போட்டால் தண்ணீர் வடிய வழியும் கிடைக்கும். களியும் மண்ணும் அடியில் வேண்டாம். டார்கெட் பற்றிப் பேசினால், ஒரு டம்பரின் விலையைக் கேளுங்கள், பார்க்கிங்கில் எத்தனை நின்றது என்று எண்ணிக்காட்டுங்கள். ஆள் கணக்கைச் சொன்னால் சிலருக்குக் காது கேட்பதில்லை.

தினம் ஒருமுறை அளப்பது போதாது, மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையும் மாலையும் அளங்கள். அப்புறம் அந்த முட்டுக்கல்லுக்கு வெளியே தரை மறுபடி புடைக்கிறதா என்று பார்க்க அங்கேயும் ஒரு வரிசை குச்சி அடியுங்கள், ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.